கண்டக்டர் அக்கா திரைக்குப் பின்னால் சிரித்த சிரிப்பு

மேடையில் வீற்றிருக்கும் அறுவை மருத்துவர் அவர்களே! தலைமை தாங்கும் மேட்ரன் அம்மா அவர்களே! முன்வரிசையில் கைக்குட்டையோடு அமர்ந்திருக்கும் செவ்வாய்க்கிழமைத் தோழியரே! இவன் எப்போது முடிப்பான் என்று பின்வரிசையிலிருந்து என்னை முறைக்கும் கணவன்மார்களே! அனைவருக்கும் வணக்கம். மறைந்த நம் கண்டக்டர் அக்காவைப் பற்றி நான் சொல்லப்போகும் கதையை இங்கே ஒரு ஜீவன்கூட நம்பாது. இந்த மைக்கின் மீது சத்தியம் செய்து அதற்கு உத்தரவாதம் தருகிறேன்!

யார் இந்த அக்கா? பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். புற்றுநோய்க்கு ஒரு மார்பைக் கொடுத்துவிட்டு, தன் வயிற்றுச் சதையிலிருந்தே புதிதாக ஒன்றை அமைத்துக்கொண்டவர். பிறகு இந்த மருத்துவமனையில் சலவைத்துணி அடுக்குமிடத்துக்குப் பக்கத்து அறையை அடம்பிடித்து வாங்கி, செவ்வாய்தோறும் அறுவை சிகிச்சை முடிந்த பெண்களை அங்கே உட்காரவைத்தவர். மேசையில் சிலிகான் பை கிடக்கும். உள்ளாடைக்குள் வைக்கிற பஞ்சுத் திண்டு கிடக்கும். வயிற்றுச் சதையில் அமைத்துக்கொண்டவர்களின் படங்களும், எதுவுமே வேண்டாம் என்று தட்டையாக விட்டவர்களின் படங்களும் கிடக்கும். தொட்டுப் பார்க்கலாம், அழலாம், எழுந்தும் போய்விடலாம். சட்டம் ஒன்றே ஒன்று. "நானா இருந்தா" என்று யார் வாயைத் திறந்தாலும், அன்றைய டீக் கோப்பைகளை எல்லாம் அவரே கழுவ வேண்டும்.

அந்த அறையில் அதிகக் கோப்பை கழுவிய மாவீரன் இதோ உங்கள் முன் நிற்கிறேன்!

என் தங்கையை உங்களுக்குத் தெரியும். கணக்கு டீச்சர், புற்றுநோய்க்கு ஒரு மார்பைக் கொடுத்தவள். முதல் செவ்வாய் அன்று கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் சும்மா இருப்பேனா?

"நானா இருந்தா சிலிகானே வெச்சுக்குவேன். வேலை சுலபம்" என்றேன்.

"அப்படியா? அண்ணனுக்கு எந்த சைஸ் வேணும்?" என்றார் அக்கா.

அடித்தார் பாருங்கள் ஒரு விசில்! மூன்றாம் மாடிக்குப் போன லிப்ட் பாதியில் நின்றது. மயக்க மருந்தில் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்து, "எந்த ஸ்டாப்பு?" என்றார். இதோ இந்த மருத்துவர் கையிலிருந்த கத்தரியைக் கீழே போட்டார். போட்டீர்களா இல்லையா டாக்டர்? தலையாட்டாதீர்கள், நான் இன்னும் முடிக்கவில்லை! என்னை அறைக்கு வெளியே இறக்கிவிட்டு, தங்கையைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார். கொஞ்ச நேரத்தில் இருவரும் சிரித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. தோட்டக்காரர் இன்னும் பொறுக்கி முடிக்கவில்லை!

பல வாரம் யோசித்து, அக்காவைப் போல வயிற்றுச் சதையிலேயே அமைத்துக்கொள்வது என்று தங்கை தானே முடிவு செய்தாள். அதற்குள் அக்காவுக்கு நோய் எலும்பில் திரும்பி வந்தது. கொண்டுபோய்விட்டது.

அன்றிலிருந்து என் போன் ஓயவில்லை. தோழியரே, உங்கள் எல்லாக் குரலும் ஒன்றையே கேட்டன. "அண்ணா, அக்காவுக்கே திரும்பிடுச்சே. அப்ப நமக்கு?" வாயைத் திறந்தாலே புளுகு கொட்டுகிற நான், டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

வீட்டில் தங்கை சொன்னாள்: "அண்ணா, புதுசா வெச்சுத் தெச்சதாலதான் அக்காவுக்குத் திரும்ப வந்துச்சாம். எல்லாரும் பேசிக்கிறாங்க. நான் வரலன்னு டாக்டர்கிட்ட சொல்லிடு."

நாளை மறுநாள் அவள் தன் முடிவைச் சொல்ல வேண்டும். அவளோ குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு மிச்சமிருக்கும் மார்பைத் தடவித் தடவிப் பார்க்கிறாள். கதவுக்கு வெளியே நிற்கும் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆம் தோழியரே! பயமில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல ஆசைதான், ஆனால் பயம்தான்!

இன்று காலை மருத்துவரையே கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார்: "மார்பைத் திரும்ப அமைச்சது நோய்க்குக் காரணம் இல்லீங்க. அக்காவுக்கு வந்தது பழைய நோய். இவங்களுக்கு வரவே வராதுன்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது. கவனமா பார்த்துக்கிட்டே இருப்போம். இப்ப வேண்டாம்னா பின்னாடி செஞ்சுக்கலாம். செய்யாமலும் இருக்கலாம்."

கேட்டீர்களா? வேண்டும் என்பதும் முடிவு, வேண்டாம் என்பதும் முடிவு. ஆனால் அதை வதந்தி எடுக்கலாமா? அண்ணன் எடுக்கலாமா? கூடாது, கூடவே கூடாது!

ஆகவே இந்தச் சபை முன் உறுதி கூறுகிறேன். வருகிற செவ்வாய் அந்த அறை திறந்திருக்கும். மேசையில் எல்லாம் இருக்கும். அக்காவின் நாற்காலியில் யார் உட்காருவது என்று எனக்குத் தெரியாது. வாசலில் நான் நிற்பேன்.

கடைசியாக ஒன்று. லிப்ட் நின்றது பொய். எழுந்து உட்கார்ந்த நோயாளி பொய். கண்ணாடி உதிர்ந்ததும் பொய். அந்தச் சிரிப்பு மட்டும் உண்மை. ஏன் சிரித்தீர்கள் என்று இங்கே வரும் வழியில்தான் தங்கையைக் கேட்டேன்.

"அக்கா பொத்தானைக் கழட்டித் தழும்பைக் காட்டினாங்க. 'எனக்கு இன்னும் பயமா இருக்குடி, கொஞ்சம் கையப் புடிச்சுக்கோ'ன்னாங்க. ஆறுதல் சொல்ல வந்தவங்களுக்கு நான் ஆறுதல் சொல்லிக்கிட்டிருந்தேன். அதை நெனச்சுதான் சிரிச்சோம்" என்றாள். பிறகு, "நாளன்னைக்கு டாக்டர்கிட்ட வரேன். பயமாத்தான் இருக்கு. நீ வாயத் தொறக்காம கூட வா" என்றாள்.