தீப்பெட்டிக்குள் ஒரு படம்

உங்கள் தலைக்கு மேலே மாட்டியிருக்கிற படம் ஒரு விரக்கடை சாய்ந்திருக்கிறது, சார். வந்ததிலிருந்து உறுத்துகிறது. முப்பது வருஷமாகக் கோவில்பட்டியில் பிரேம் கடை வைத்திருக்கிறவனுக்குக் கண் அங்கேதான் போகும்.

கண்காட்சியில் பிடித்த தீயை மின்கசிவு என்று நீங்கள் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதைத் திருத்தத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். நான் செய்த பெட்டியில் வயரே கிடையாது.

சுடலைச்செல்வி பக்கத்துப் பசுவந்தனை ஊர்ப் பிள்ளை. கரிசல் மண்ணைப் பசையில் குழைத்து, இடது கையால் அத்தனை அழகாக வரைவாள். அவள் படங்களுக்கு யாரும் யோசிக்காத சட்டங்களை நான் போட்டேன். ஒன்றைப் பருத்திச் சாக்கில் தைத்துத் தொங்கவிட்டேன். ஒன்றை வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டைக்குள் இறுக்கினேன். வந்தவர்கள் படத்தைப் பார்த்ததைவிடச் சட்டத்தைத் தடவிப் பார்த்ததுதான் அதிகம். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

போன மாதம் கடைக்கு வந்தாள்.

"பாய், தப்பா நினைக்காதிய. சென்னையில ஒரு கேலரில எல்லாப் படத்தையும் கேக்காவ. ஆனா பிரேமக் கழட்டிட்டு, வெள்ளைச் சுவத்துல வெறும் படமா மாட்டணுமாம்."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னுட்டேன். படந்தான பாய் முக்கியம்."

எனக்குக் கோபம் வரவில்லை. வயிறு மட்டும் இரண்டு நாள் எரிந்தது. உள்ளூரில் கடைசியாக ஒரு கண்காட்சி வை, அதற்கு மட்டும் என் இஷ்டத்துக்கு ஒன்று செய்கிறேன் என்றேன். சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

அதற்கு நான் எடுத்துக்கொண்டது, தீப்பெட்டித் தொழிற்சாலையில் குச்சி அடுக்குகிற அவள் அம்மாவின் படம். ஆள் உயரத்துக்கு ஒரு தீப்பெட்டி செய்து, உள்தட்டில் படத்தை வைத்தேன். தட்டை இழுத்தால்தான் படம் தெரியும். தட்டின் விளிம்பு நெடுக, தீப்பெட்டி ஆபீஸில் அடுக்குகிற மாதிரியே ஆயிரக்கணக்கில் குச்சிகள். தலையில் தொட்டிருப்பது செம்மண் என்று அவளிடம் சொன்னேன். தொட்டது நிஜத் தீக்குச்சி மருந்து. குச்சித் தலை உரசுகிற உள்பக்கத்தில் தீப்பெட்டி ஓரத்தில் பூசுகிற பக்கமருந்தைத் தடவினேன். மருந்து வாசத்திலேயே வளர்ந்த பிள்ளை, மோப்பம் பிடித்துவிடுவாள் என்று பெட்டி முழுக்க வார்னிஷ் அடித்தேன்.

படம் எரியவேண்டும் என்றுதான் நினைத்தேன். என் சட்டத்தோடு இருந்தது, என் சட்டத்தோடே போகட்டும். அவள்மேல் எனக்கு எந்த வன்மமும் இல்லை. திறப்பு விழாவில் யார் வேண்டுமானாலும் இழுத்திருக்கலாம். எல்லோரும் அவளையே இழுக்கச் சொல்லிவிட்டார்கள்.

தட்டு பாதி வருவதற்குள் தீ அவள் முழங்கைவரை ஏறிவிட்டது. "பாய், தண்ணி, தண்ணி" என்று என்னைப் பார்த்துத்தான் கத்தினாள். நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கை இனித் தூரிகை பிடிக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கேட்டதும் அழுதேன், சார். படத்துக்கு வைத்த தீ, கையில் பட்டுவிட்டது. அவ்வளவுதான்.

இடது கைக்கு மட்டும் வாகாக ஏன் தட்டின் கைப்பிடியைச் செதுக்கினாய் என்று கேட்கிறீர்கள். செல்விக்கு இழுக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான்.