கரிக்கிற கஞ்சி

இஷாக்: தூ... இதெல்லாம் ஒரு கஞ்சியா? கரிக்குதுடி!

ஷரீஃபா: துப்பாதீங்க. இப்பத்தான் நர்ஸம்மா பெட்ஷீட்டு மாத்திட்டுப் போச்சு.

இஷாக்: கடல் தண்ணியக் காய்ச்சி ஊத்துனாக்கூட இம்புட்டுக் கரிக்காது. நேத்தும் இதே கதை. முந்தாநாளும் இதே கதை.

ஷரீஃபா: தலையத் தொறந்து ரத்தக்கட்டை எடுத்தாரே டாக்டரு... அவருகிட்ட ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்.

இஷாக்: என்னத்த?

ஷரீஃபா: அப்படியே அந்தத் திமிரையும் எடுத்துருங்கன்னு.

சிவனம்மாள்: ஹி ஹி... வாங்குங்க பாய், நல்லா வாங்குங்க.

இஷாக்: பாம்புக்கடி பட்டு வந்த ஒங்க வீட்டுக்காரரைப் பாருங்கம்மா. பக்கத்துக் கட்டில்ல இருந்துக்கிட்டு எங்க பேச்சுல என்ன காது?

சிவனம்மாள்: காதுன்னு இருந்தா கேக்கத்தான செய்யும்? எங்க ஊரு எரியோட்டுல இருந்து வந்து நாங்களும் ஃபேனையே பாத்துக்கிட்டுக் கெடக்கோம். நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டாத்தான் பொழுது போகுது.

இஷாக்: அப்ப நியாயத்தையும் கேளுங்க. இருபது வருசமாப் பிரியாணிக் கடையில மாஸ்டரு நான். தம் ஒடைச்சுச் சட்டி மூடியத் தொறக்குறப்ப ஆவியை மோந்தே உப்பு சொல்லுவேன். எனக்கு வாய்ச்சவளுக்கு ஒரு கஞ்சிக்கு உப்பு போடத் தெரியல!

ஷரீஃபா: ஆமா, பெரிய மாஸ்டரு! ஐசியூவுல வாயில குழாயோட மல்லாந்து கெடந்தப்ப எங்க போச்சு இந்தப் பீத்தல்? ஒங்க தங்கச்சி வந்தா, ஹார்லிக்ஸ் பாட்டில வச்சா, கண்ணாடி வழியா ஒரு போட்டோ எடுத்தா, போயிட்டா. நாந்தான் வராண்டாவுல உக்காந்து, யா அல்லா, கண்ணு முழிச்சாப் போதும்னு கெடந்தேன். முழிச்சதும் ஐயா பேசுன மொதப் பேச்சு என்ன? கஞ்சி கரிக்குது!

இஷாக்: கரிச்சா வேற என்னன்னு சொல்றது? இஞ்சியும் கூடிப்போச்சு.

ஷரீஃபா: ...இஞ்சியா?

இஷாக்: பின்ன? தொண்டை எரியுது.

ஷரீஃபா: ம்... நாளைக்குக் கொறைச்சுக்கிறேன்.

இஷாக்: மொதலாளி வந்தாரா?

ஷரீஃபா: கிதர் முகம்மது அண்ணன் காலையில கீழ வந்து நின்னாரு. மாஸ்டரு எப்ப வருவாருன்னு கேட்டாரு. இல்லாட்டி அந்தப் புது ஆளையே...

இஷாக்: யாரு, அவனா? சீரகச்சம்பாவுக்கும் ரேஷன் அரிசிக்கும் வித்தியாசம் தெரியாத பய! அவன் கையில என் சட்டியக் குடுத்தா நான் இந்தக் கட்டில்லயே உசுர விட்டுருவேன்.

ஷரீஃபா: வாயக் கழுவுங்க. அப்ப வருவாருன்னு சொல்லவா?

இஷாக்: அந்தத் தலகாணியக் கொஞ்சம் ஏத்தி வையி.

ஷரீஃபா: கேக்குறேன்ல?

இஷாக்: செத்த நேரம் சும்மா இரு.

சிவனம்மாள்: ஏத்தா ஷரீஃபா, சண்டைக்கு நடுவுல ஒண்ணு. எங்காளுக்குக் காலையில இருந்து எதுவும் எறங்கல. அந்தக் கஞ்சில ரெண்டு கரண்டி ஊத்து.

ஷரீஃபா: அய்யோ அக்கா, வேணாம்! கேன்டீன்ல இட்லி வாங்கித் தாரேன்.

சிவனம்மாள்: கரிச்சாக் கரிக்கட்டும். நான் வைக்கிற வெஞ்சனத்தையே இத்தன வருசமாத் தின்ன மனுசன்தான அவரு? குடு இங்க, ஒரு வாய் பாக்குறேன்...

ஷரீஃபா: அக்கா, தூக்குச்சட்டிய வைங்க...

சிவனம்மாள்: ஏத்தா! என்னத்தா இது? பச்சத்தண்ணியாட்டம் சப்புன்னு இருக்கு! ஒரு கல்லு உப்பு இல்ல, இஞ்சியும் இல்ல, ஒரு எழவும் இல்ல!

ஷரீஃபா: ஒங்களுக்கு என்ன தெரியும்? கத்தரித் தோட்டத்துல களை எடுக்குறவங்க எங்க மாஸ்டருக்கு ருசி சொல்ல வந்துட்டீங்களா? அவரு கரிக்குதுன்னா கரிக்கும்! போங்க அங்கிட்டு!

சிவனம்மாள்: ஆத்தாடி... இது நல்லா இருக்கே நாயம்!

இஷாக்: ஷரீஃபா... அவங்கள ஏசாத.

ஷரீஃபா: நீங்க படுங்க.

இஷாக்: எனக்கு வெல்லமும் ஒண்ணுதான், வேப்பங்காயும் ஒண்ணுதான். முழிச்ச நாள்ல இருந்து. இந்த ஆஸ்பத்திரி மருந்து வாடைகூட வரல... வெளிய தெரிஞ்சா நாறிப்போவும்னு சும்மா கத்திக்கிட்டு இருந்தேன். மொதலாளிகிட்ட சொல்லிரு. மாஸ்டரு இனி வரமாட்டாருன்னு.

ஷரீஃபா: நீங்க என்ன சொல்றது, எனக்கே தெரியும். உப்பே ஆகாதுன்னு டாக்டரு மொத நாளே சொல்லிட்டாரு, நானும் ஒரு கல்லு போடல. அதைக் குடிச்சிட்டுக் கரிக்குதுன்னு துப்புனீங்க பாருங்க... பாத்ரூமுக்குள்ள போயி அழுது முடிச்சிட்டுத்தான் ஒங்ககூடச் சண்டைக்கு வந்தேன். ஊரெல்லாம் மெச்சுற மாஸ்டரு, பொண்டாட்டிய ஏமாத்தத் தெரியல! ஒங்க மொதலாளிகிட்டக் காலையிலயே சொல்லிட்டேன், அவரு வருவாரு, உப்பு பாக்க நானும் கூட வருவேன்னு.