மூன்று வெள்ளைப் புட்டிகள்

வெள்ளைப் பின்னணியில் எதை வைத்துப் படமெடுத்தாலும் அதற்கு ஒரு கௌரவம் வந்துவிடுகிறது. துருப்பிடித்த கத்தரிக்கோலானாலும் சரி, பாதி தேய்ந்த சோப்பானாலும் சரி. வடிவமைப்புப் படிப்பில் சேர்ந்த முதல் மாதமே இதைக் கண்டுகொண்டேன். நீங்கள் முதலில் என் லேப்டாப்பைத்தான் கேட்டீர்கள் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அதில் இருப்பது என்னுடைய முதல் போர்ட்ஃபோலியோ. நான் செய்த வேலைகளை, வேலை தருகிறவர்கள் பார்ப்பதற்கான வெப்சைட். மூன்று வேலைகளாவது இருக்க வேண்டும் என்பது எங்கள் துறையில் எழுதாத விதி. என்னிடம் இரண்டு இருந்தன. ஒரு காப்பிக் கடையின் பெயர்ப்பலகை, ஒரு சுவர் நாட்காட்டி. மூன்றாவது இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றுக் கட்டம். நான் போக விரும்பிய வடிவமைப்பு ஸ்டுடியோ வருடத்துக்கு ஒரே ஒரு மாணவரைத்தான் எடுக்கும். மாதக் கடைசிக்குள் லிங்க் அனுப்ப வேண்டும். பத்தொன்பது நாள் இருந்தது.

அந்தக் கட்டம் என்னை உட்காரவிடவில்லை. எழுத்தின் அளவை ஒரு புள்ளி கூட்டுவேன், குறைப்பேன். பக்கத்தை மூடிவிட்டு ஜன்னல்வரை நடப்பேன். திரும்பி வந்து திறந்தால் கட்டம் அங்கேயே இருக்கும். சாப்பிடும்போதும் என் கால் தானாக ஆடிக்கொண்டிருக்கும்.

"காலை ஆட்டாதடி. மேஜை, தட்டு, நான், எல்லாரும் சேர்ந்து ஆடுறோம்," என்பார் அத்தை.

அத்தை என் அப்பாவின் அக்கா. அப்பா கப்பலில் வேலை பார்ப்பவர். அம்மா இறந்தபோது எனக்குப் பதினொரு வயது. அன்றிலிருந்து அத்தை வீடுதான் என் வீடு. அவர் தையல்காரர். முன்னறைதான் கடை. சர்க்கரை நோய் கண்ணைத் தின்ன ஆரம்பித்ததும், இரண்டு வருடம் முன்பு கடையை மூடினார். வெளிச்சம் தெரியும், ஆள் நிழலாகத் தெரியும், எழுத்து தெரியாது. ஆனாலும் ஊசியில் நூல் கோர்ப்பார். எப்படி என்று கேட்டால், "ஊசிக்கு என்னைத் தெரியும்," என்பார்.

என் இரண்டு வேலைகளையும் எங்கள் ஆசிரியரிடம் காட்டினேன். எதைக் காட்டினாலும் எவ்வளவு, எத்தனை என்று கேட்பதால் அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் அளவுகோல்.

"அழகாத்தான் இருக்கு. யாருக்கு என்ன கஷ்டம் தீர்ந்துச்சு? முன்னாடி எத்தனை தப்பு, பின்னாடி எத்தனை தப்பு? அது இல்லேன்னா இது வெறும் கோலம்மா."

நியாயமான பேச்சு. இப்போதும் அவர்மீது எனக்கு வருத்தமில்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தையின் மாத்திரைகள் கண்ணில் பட்டன. காலையில் மூன்று. சர்க்கரைக்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, நரம்புக்கு ஒன்று. மூன்றும் வெள்ளை, மூன்றும் வட்டம். பார்வை மங்கியவர்கள் தொட்டே அறியும்படி மேடான லேபிள் செய்தால் என்ன என்று தோன்றியது. ஒரே சாயங்காலத்தில் வரைந்துவிட்டேன். நல்ல வேலை அது. இன்றைக்கும் சொல்வேன்.

பிறகுதான் சிக்கல். லேபிள் ஒட்டுவதற்கு முன்பு அவர் எத்தனை தவறு செய்கிறார் என்று ஒரு வாரம் பார்த்தேன். ஒன்றுகூடச் செய்யவில்லை. ஒவ்வொரு டப்பாவிலும் அவர் நூலால் ஒரு பொத்தானைக் கட்டி வைத்திருந்தார். இரண்டு துளைப் பொத்தான், நான்கு துளைப் பொத்தான், ஒரு கொக்கி. விரலால் தடவுவார், எடுப்பார், விழுங்குவார். மூன்று நொடி.

நான் வரைந்ததைவிட அது மேலானது என்று சொல்ல மாட்டேன். பார்க்க அலங்கோலமாக இருந்தது. ஆனால் கஷ்டமே இல்லாத இடத்தில் நான் எதைத் தீர்ப்பது?

ஆகவே ஒரே அளவில் மூன்று வெள்ளைப் புட்டிகள் வாங்கி மாத்திரைகளை மாற்றினேன். எனக்கு அடையாளம் தெரிய, அடியில் சிறியதாக எண் எழுதினேன். பொத்தான்களை வெட்டிக் குப்பையில் போட்டேன்.

அத்தை புட்டிகளை உருட்டிப் பார்த்தார். "ஏன்டி, மூணும் ஒண்ணு மாதிரியே இருக்கே."

"அஞ்சு நாள்தான் அத்தை. என் படிப்புக்கு."

"உன் படிப்புக்கு நான் எலியா?"

"இல்ல அத்தை, நீதான் என் முக்கியமான ஆளு."

"எலிக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க," என்று சிரித்தார். நான் கேட்டு அவர் மறுத்ததில்லை.

முதல் நாள் தவறு இல்லை. புட்டியைக் காதருகே குலுக்கிச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். அன்று மாலை மூன்றிலும் பஞ்சு வைத்தேன். இரண்டாம் நாளிலிருந்து புட்டிகளின் வரிசையையும் மாற்றி வைத்தேன். அப்போதுதான் எண்கள் வரத் தொடங்கின. இரண்டாம் நாள் ஒரு தவறு. மூன்றாம் நாள் இரண்டு. நரம்பு மாத்திரையை இரண்டு முறை எடுத்தார், அழுத்த மாத்திரையை விட்டுவிட்டார். அதனால் பெரிய கேடு இல்லை. ஒவ்வொன்றையும் போனில் வீடியோ எடுத்து, நேரத்தோடு குறித்தேன். பல வாரங்களுக்குப் பிறகு அந்த நாட்களில்தான் என் கால் ஆடாமல் இருந்தது.

நிஜ மாத்திரைக்குப் பதில் மிட்டாய் வைத்திருக்கலாமே என்று நேற்று விசாரணையில் கேட்டீர்கள். வைத்திருக்கலாம். ஆனால் மிட்டாயை யாரும் கவனமாக எடுப்பதில்லை. எண்கள் பொய்யாகிவிடும்.

நான்காம் நாள் காலை அத்தை ஒரு புட்டியைத் திறந்து ஒன்று எடுத்தார். புட்டியைத் திரும்ப வைத்தார். கை தயங்கிச் சுற்றி, அதே புட்டியில் போய் நின்றது. பிறகு மூன்றாம் முறையும் அதே. மூன்றும் சர்க்கரை மாத்திரை. உள்ளங்கையில் வைத்து விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நான் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"எல்லாம் ஒரே புட்டியிலேர்ந்து எடுத்த மாதிரி இருக்குடி. சரியா பாரு."

இந்த இடத்துக்கு எங்களுக்கு ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சோதனையில் இருப்பவர் உதவி கேட்டால் பதில் சொல்லக் கூடாது. கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டும்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றேன்.

"என்னடி, புதுசா நீங்க வாங்கன்னு?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. மௌனமும் சொல்லிக் கொடுத்ததுதான். பேசாமல் இருந்தால் அவர்களே பேசுவார்கள், அதில்தான் உண்மை வரும் என்பார் அளவுகோல். அத்தை பேசவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"நீ பக்கத்துல இருக்கும்போது தப்பா இருந்தா சொல்லியிருப்ப," என்றார். மூன்றையும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

அதை நான் எழுத்துக்கு எழுத்து குறித்திருக்கிறேன். மிக நல்ல மேற்கோள். என் வெப்சைட் பக்கத்தில் பெரிய எழுத்தில் அதுதான் இருக்கிறது.

அன்று அத்தை சாப்பிடும் நேரத்தை நான் தள்ளிப்போட்டேன், உண்மைதான். வீடியோ நடுவில் அறுந்தால் பயனில்லை. பத்தரை மணிக்கு அவருக்கு வியர்த்தது. விரல் நடுங்கியது. பேச்சு குழறியது. என்னை என் அம்மா என்று நினைத்துக் கூப்பிட்டார், "தம்பி பொண்டாட்டி, கதவைச் சாத்து, கஸ்டமர் வரப்போறாங்க," என்று. அத்தை அப்படித்தான் அம்மாவைக் கேலியாகக் கூப்பிடுவார். பதினோரு மணிக்குத் தலை மேஜையில் சாய்ந்தது. ஆம்புலன்ஸை நான் அழைத்தது பன்னிரண்டே காலுக்கு. ஏன் அவ்வளவு தாமதம் என்று கேட்டீர்கள். என்னிடம் இருப்பது ஒரே போன். அதில் அழைத்தால் பதிவு நின்றுவிடும்.

அவர் ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தார். கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள், பார்வையாளர் நேரம் முடிந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தை முடித்தேன். வீட்டில் இருந்த புட்டிகளுக்கு என் லேபிளை முந்தின நாளே ஒட்டிப் படமெடுத்திருந்தேன். முன்பு ஏழு தவறுகள், பின்பு பூஜ்யம் என்று போட்டேன். பூஜ்யம் பொய் என்கிறீர்கள். லேபிள் ஒட்டிய பிறகு அந்தப் புட்டிகளிலிருந்து யாராவது தவறாக ஒரு மாத்திரை எடுத்தார்களா, சொல்லுங்கள். சாம்பல் கட்டம் நிறைந்தது. ஸ்டுடியோவிலிருந்து நேர்காணலுக்கு அழைத்தார்கள். அந்த மின்னஞ்சலும் லேப்டாப்பில் இருக்கிறது. அத்தை இறந்த மறுநாள் வந்தது. அப்பா இன்னும் அதைப் பார்க்கவில்லை.

கடைசியாக, வீடியோவின் நாற்பதாவது நிமிடத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அத்தையின் கை மேஜைமேல் இங்கும் அங்கும் போகிறது, எதையோ தேடுகிறார், என்ன அது என்று. குளுக்கோஸ் டப்பா. மயக்கம் வருவது போலிருந்தால் ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொள்ள, மேஜையின் வலது ஓரத்தில் எப்போதும் வைத்திருப்பார். பளபளவென்ற பச்சையும் ஆரஞ்சும் கலந்த டப்பா. பின்னணியோடு ஒட்டவே இல்லை. படம் எடுக்கத் தொடங்கும்போதே அதை எடுத்துவிட்டேன்.

எங்கே வைத்தாய் என்றீர்கள். என் மடியில். அவர் தேடிய நேரம் முழுக்க அது என் மடியில்தான் இருந்தது. எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். கொடுக்கத் தோன்றாமலும் இல்லை. ஆனால் கொடுத்திருந்தால் என் கை படத்தில் விழுந்திருக்கும்.