எல்லாரும் ஒப்புக்கொண்ட இடம்

கூட்டம் என்றால் இஞ்சி பிஸ்கட் இருக்க வேண்டும் என்பது என் கொள்கை, ஐயா. வாய் அசைந்துகொண்டிருந்தால் மனிதன் கொஞ்சம் குறைவாகச் சண்டை பிடிப்பான். பதினான்கு கூட்டம் கூட்டினேன். பதினான்குக்கும் பதுளைக் கடைத்தெருவில் நானே வாங்கி, மழையில் நனையாமல் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

என் பெயர் ஜெயராசா என்று உங்கள் விசாரணைத் தாளில் போட்டுக்கொள்ளுங்கள். கட்டட ஓவர்சியர். எழுபத்தெட்டாம் ஆண்டு, நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில் தொழிலாளர் குடும்பத்துக்கு ஓர் அறையாக, வரிசையாக இருபது காம்பராக்கள் கொண்ட புது லயம் கட்டும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். கட்டுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. கல்லும் சீமெந்தும் சொன்னபடி கேட்கும். மனிதர்கள்தான் என் உயிரை வாங்கினார்கள்.

தோட்டத்துத் துரை, ஒரு தேயிலைச் செடியைக்கூடப் பிடுங்க விடமாட்டேன் என்றார். தொழிற்சங்கத் தலைவர் மாடசாமி, லயம் கோயிலுக்கு முதுகைக் காட்டி நின்றால் அடுத்த நாளே ஒருவரும் வேலைக்கு இறங்கமாட்டார்கள் என்றார். கட்டட ஒப்பந்தம் எடுத்திருந்த பசறைக் கொந்தராத்துக்காரர் நிஸாம், லொறி போகாத இடத்துக்கு ஒரு கல்லும் அனுப்ப வழியில்லை என்று கையை விரித்தார். துரையைச் சம்மதிக்க வைத்தால் தலைவர் முறுக்கிக்கொள்வார். தலைவரைத் தாஜா பண்ணி அழைத்து வந்தால் நிஸாமுக்கு அன்றைக்கென்று காய்ச்சல் வரும். பஸ்ஸில் அலைந்து அலைந்து எனக்கு மூலமே வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், உள்ளதைத்தான் சொல்கிறேன்.

கூட்டங்கள் தொடங்கி ஏழாவது மாதம், ஒன்பதாம் நம்பர் தேயிலை மலையின் அடியில் தரிசாகக் கிடந்த ஒரு துண்டு நிலத்தை மூன்று பேரும் ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் நான் அழுதேன். அவ்வளவு களைப்பு.

அத்திவாரம் போட்டு, சுவர் எழும்பி, கூரைத் தகரமும் ஏறியது. திறப்பு விழாவுக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வர நாளும் குறித்தாயிற்று. அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது பரிமளம் வந்தாள். கொழுந்து பறிப்பவள். புருஷன் இல்லை. இரண்டு மகள்களை வைத்துக்கொண்டு அக்காள் குடும்பத்தோடு ஒரே காம்பராவில் ஒண்டிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, மேல ஒம்பதாம் நம்பர்ல மழத்தண்ணி ஓடுற கான் பொளந்து கெடக்குங்க. முழங்கை வரைக்கும் கை போகுது. செடியெல்லாம் கீழ்ப்பக்கமா சாஞ்சிருச்சு."

கூடவே ஏறிப் போய்ப் பார்த்தேன். வெடிப்புக்குள் என் குடையை விட்டேன். பிடி வரை இறங்கியது. நீளம் முப்பது அடி இருக்கும். இருபது வருஷம் இந்த மலைகளில் வேலை பார்த்தவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்கழி மழை இன்னும் தொடங்கியிருக்கவில்லை.

அங்கே நின்றபோது எனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டீர்கள். இல்லை. எரிச்சலாக இருந்தது. மறுபடியும் துரை வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்க வேண்டும். மறுபடியும் மாடசாமியின் பிரசங்கம். மறுபடியும் நிஸாமின் காய்ச்சல்.

வேறு யாரிடம் சொன்னாய் என்று கேட்டேன். என்னிடம்தான் முதலில் வந்தாளாம். நாளைக் காலை பெரட்டுக்களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, எல்லாருக்கும் சொல்லிவிடப் போவதாகச் சொன்னாள். இஞ்சினியருக்கு எழுதுகிறேன், ஒரு வாரம் பொறு என்றேன். பொறுத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு போய் வெடிப்பை நானே மூடி, மேலே மானாப்புல்லை வைத்து மிதித்தேன். கூலிக்கு ஆள் வைத்திருக்கலாம். வைத்தால் சமாதானப்படுத்த வேண்டியவர்களில் இன்னும் ஒருவன் கூடுவான்.

இஞ்சினியர் வந்து பார்த்துவிட்டார், ஆபத்து ஒன்றுமில்லையாம் என்று அவளிடம் சொன்னேன். எந்த இஞ்சினியரும் வரவில்லை. அவள் அரைமனதாகத் தலையாட்டினாள். அரைமனதுக்காரர்களை நம்பி நான் ஏழு மாதம் பட்டது போதும்.

காம்பராக்களைப் பங்கிடச் சீட்டுக் குலுக்கினோம். பெயர்களை எழுதி ஒரு பால்மா டின்னில் போட்டு, நான்தான் எடுத்தேன். முதல் காம்பரா ஓரத்தில் இருந்தது. வெளிச்சம் நன்றாக வரும், தண்ணீர் பிடிக்கும் பீலியும் பக்கத்தில். அதற்கு எல்லாருக்கும் ஆசை. அந்தக் காம்பராவுக்கான சீட்டு டின்னுக்குள் போகவே இல்லை, ஐயா. என் விரலிடுக்கில் இருந்தது. பரிமளம் என்று வாசித்தேன்.

தனக்கு விழுந்த வீட்டைப் பற்றி யாரும் குறை சொல்லமாட்டார்கள். அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"நீங்க பாத்துட்டீங்கன்னா சரிதாங்க. நாந்தான் சும்மா பயந்துட்டேன்."

விழா நல்லபடியாக நடந்தது. துரையும் மாடசாமியும் நிஸாமும் தோளோடு தோள் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். அதைப் பார்த்தபோது, இத்தனை மாதம் நான் பட்ட பாட்டுக்கு இது போதும் என்று இருந்தது.

விழா முடிந்து பன்னிரண்டாம் நாள், ஐந்து நாள் விடாத மழைக்குப் பிறகு, காலை பதினொரு மணிக்கு மலை சரிந்து இறங்கியது. மழைக்காக அன்று வேலையை நிறுத்தியிருந்தார்கள். எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். ஆறு காம்பராக்கள், பத்தொன்பது பேர். முதல் காம்பராவில் பரிமளமும் இரண்டு மகள்களும்.

வெடிப்புக்கு நேர் கீழே இருந்தது அந்தக் காம்பராதான் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். வரைபடம் போட்டவனே நான்தானே. வேறு காம்பரா கொடுத்திருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பாள். பிழைத்திருந்தால், என்னிடம் சொன்னதை ஊருக்கே சொல்லியிருப்பாள். அதையும் யோசித்துத்தான் அந்தச் சீட்டை விரலிடுக்கில் வைத்தேன்.

ஆனால் ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். துரைக்கு என்மேல் கோபம். மாடசாமிக்குக் கோபம். நிஸாம் இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அத்தனை பேரிலும் கடைசிவரை என்மேல் ஒரு மனக்குறையும் இல்லாமல் இருந்தவள் பரிமளம் ஒருத்திதான். அப்படித்தான் நான் அவளைப் பார்த்துக்கொண்டேன்.