பாதியில் நின்ற சீட்டாட்டம்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. இது என் நண்பனோட அத்தானுக்கு நடந்தது. அவர் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர்.

ராத்திரி எட்டு மணி. மூடிக்கிடந்த பஞ்சாலைக்குப் பின்னால் போகிற சாலை... ஈ, காக்கை இல்லை. கடைசி வீட்டு ஜன்னல் மட்டும் நீலமாக எரிந்தது.

கதவைத் திறந்தவன் சின்ன வயசுக்காரன். பல நாள் தாடி. அறைக்குள் சூடான தூசி வாசனை. அதோடு லேசாக ஷாம்பு வாசனை. மேஜைக்கு அடியில் கம்ப்யூட்டர் கர்... கர்... என்று இரைந்தது. தொட்டால் ஜுரம் வந்த உடம்பு மாதிரி.

"கொதிக்குதுண்ணே. நடுநடுவே உறைஞ்சு நிக்குது. ஆனா அணைக்காம சரி பண்ணணும்."

"ஓடுற வண்டிக்கு டயர் மாத்தச் சொல்றீங்க தம்பி."

அவன் சிரிக்கவில்லை. திரையைக் காட்டினான். பாதியில் நின்ற சீட்டாட்டம்.

"என் மனைவி ஆடினது. தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன், கலைச்சிடாதீங்கன்னு சொல்லிட்டு சமையலறைக்குப் போனா. அங்கேயே விழுந்தா... போயிட்டா. அதுலேர்ந்து இதை அணைக்கவே இல்லை."

அத்தானுக்குத் தெரியும். அந்த ஆட்டம் உள்ளே ஒரு சின்னப் பச்சை அட்டையில்தான் நிற்கிறது. ராம் என்பார்களே, அது. கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

"ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்களேன்."

"எடுத்தா ஆட்டம் முடிஞ்சுபோன மாதிரிண்ணே."

சரியென்று, ஓடும்போதே பக்க மூடியைக் கழற்றினார். அனல் முகத்தில் அடித்தது. விசிறி திணறியது. பிரஷ்ஷை எடுப்பதற்குள்... டொக். திரை இருட்டு.

அவன் அவளுடைய நாற்காலியை மெல்ல மேஜைக்குள் தள்ளினான். அவ்வளவுதான்.

அத்தான் தூசியை வழித்தார். விசிறியின் அச்சில் நீள நீளமாக முடி சுற்றியிருந்தது. அவன் அதை வாங்கி விரலில் சுற்றிக்கொண்டான். ராம் கெட்டுப்போயிருந்தது. கழற்றிப் புதுசு போட்டார். கம்ப்யூட்டர் சத்தமே இல்லாமல் ஓடியது. வெறும் திரை.

"நல்லா ஓடுதுண்ணே," என்றான்.

பழைய அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அதே சாலை. பஞ்சாலையைத் தாண்டும்போது நெஞ்சில் ஏதோ சுட்டது. அட்டை... வீடு போய்ச் சேர்ந்தும் ஆறவில்லை. விடிந்தும் ஆறவில்லை.

அவனிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். கைக்குள் பொத்திக்கொண்டு அழுதான். அவள் போனபிறகு அன்றைக்குத்தான் அழுதானாம்.

கொஞ்ச நாள் கழித்து எட்டிப் பார்த்தார். அட்டை அவள் நாற்காலியில், ஒரு கைக்குட்டை மேல் இருந்தது. தொட்டுப் பார்த்தார். ஜில்லென்றிருந்தது.

"ஆறிப்போச்சா தம்பி?"

அவன் உதட்டில் விரல் வைத்தான்.

"தண்ணி குடிக்கப் போயிருக்கா."

வீட்டில் வேறு யாரும் இல்லை. சமையலறையில் டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம்... டக்.

அத்தான் இன்னும் விரலை எடுக்கவில்லை. விரலுக்கடியில் அட்டை மெதுவாகச் சூடாகத் தொடங்கியது.