வேகாத சூப்பு

மெதுவாண்ணா, மெதுவா! கல்லுல இடிக்குது பாரு. பதினோரு வருஷம் இந்தக் கையால தொடச்ச அடுப்புண்ணா இது. ஒரு துரு காட்டு, ஒரு பிசுக்கு காட்டு பாக்கலாம்… ம்ஹும், காட்டவே முடியாது. நாலு பர்னரும் நீலமா எரியும். "இவ்ளோ நல்ல அடுப்பை ஏம்மா விக்கறாங்க"ன்னு வந்ததும் கேட்டியே, அதைத்தான் நானும் ஒரு வாரமாக் கேட்டுட்டு இருக்கேன். ரிப்பேரா? இல்ல. வீடு காலி பண்றாங்களா? இல்ல. இந்த வீட்ல இனிமே யாரும் எதையும் வேக வெச்சுத் தின்ன மாட்டாங்களாம். எல்லாம் பச்சையாத்தானாம். அதான்… ஆமா, அதான் காரணம். நீ வாயை மூடிக்கோ, எனக்கும் அப்டித்தான் தொறந்துச்சு.

இன்னா பேரு சொன்னே? கில்பர்ட்டா? ஜீவனஹள்ளியில பழைய சாமான் கடை, சரி சரி. நான் எல்லம்மா. ஸ்ரீராம்புரம். இங்க சமையலுக்கு இருக்கேன். இருக்கேன் இல்ல, இருந்தேன். இன்னிக்குத்தான் கடைசி நாள். அடுப்பு போவுது, கூடவே நானும் போறேன். அந்த ஸ்பேனரை இப்டி வை, தண்ணி தரட்டா? வேணாமா? சரி, நீ வேலையைப் பாரு, நான் பேசிட்டிருக்கேன்.

எங்க சோனியா மேடம் இருக்காங்களே, கோலார் தங்க வயலுக்காரங்க. அவங்கப்பா சுரங்கத்துல எறங்கி வேலை பாத்தவரு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல இருந்து வந்ததும் "எல்லம்மா, கறி வெந்துச்சா"ன்னு செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி கேக்கற பொம்பளைண்ணா அவங்க! எலும்பை உறிஞ்சற சத்தம் ஹாலுக்குக் கேக்கும். நல்ல மனுஷி, இல்லைன்னு சொல்ல மாட்டேன். கொஞ்சம் கேஸ் ட்ரபுள், கொஞ்சம் முகத்துல பரு, கொஞ்சம் எடை ஜாஸ்தி. நாப்பது வயசுக்கு மேல யாருக்குத்தான் இல்ல? எனக்கில்லியா? உனக்கில்லியா? உன் தொப்பையைப் பாத்துச் சொல்லலைண்ணா, சும்மா ஒரு பேச்சுக்கு.

போன ஜூன்ல கனகபுரா ரோட்டுப் பக்கம் ஏதோ தோட்டமாம், அங்க மூணு நாள் கேம்ப்பு போனாங்க. போனப்போ மனுஷி. வந்தப்போ… இன்னா சொல்றது… பிரிட்ஜைத் தொறந்து பால் பாக்கெட்டு, தயிரு, முட்டை, நான் உருக்கி வெச்ச நெய்யி, எல்லாத்தையும் வாட்ச்மேனுக்குத் தூக்கிக் குடுத்துட்டாங்க. அந்தாளு ஒரு மாசத்துல ரெண்டு சுத்து பெருத்துட்டான், கீழ போறப்ப பாரு.

பால் கூடாது, கறி மீன் பேச்சே கூடாது. சரிப்பா, எத்தினியோ பேர் அப்டி இருக்காங்க, நல்லாத்தான் இருக்காங்க. ஆனா இதுல நெருப்பும் படக்கூடாதாம்! நாப்பத்திரெண்டு டிகிரிக்கு மேல சூடு ஏறிச்சுன்னா சாப்பாட்டுல இருக்கற சத்தெல்லாம் செத்துப் போயிடுமாம். அதுக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கிட்டு வந்தாங்கண்ணா. ஊர்ல காய்ச்சக்காரனுக்குத்தான் தெர்மாமீட்டர் வைப்பாங்க, இங்க கிண்ணத்துல வைக்கறாங்க. நாப்பத்தொண்ணுன்னா குடிப்பாங்க. நாப்பத்திமூணுன்னா "கொன்னுட்டியே எல்லம்மா"ன்னு சிங்க்குல ஊத்துவாங்க. நான் யாரைண்ணா கொன்னேன்? தக்காளியையா?

அப்புறம் ஒரு மெஷின் வந்துச்சு. சின்ன பீரோ மாதிரி, உள்ள தட்டு தட்டா இருக்கும். ஆளி விதையை அரைச்சுத் தடவி வெச்சா பதினாறு மணி நேரம் ஓடிக் காய வைக்குமாம். வடாம் மாதிரின்னு சந்தோஷமா சொன்னேன், "மாடியில வெயில்ல போட்டா ரெண்டு மணி நேரத்துல காயும் மேடம், கரெண்டு மிச்சம்." என்னைப் பாத்தாங்க பாரு ஒரு பார்வை! அந்த வடாமை நானும் தின்னுப் பாத்தேண்ணா. நாலே நாலு. அன்னிக்கு ராத்திரி பூரா நானும் எங்க தெருக் கக்கூசும்தான். என் உடம்புக்கு எது ஒத்துக்கும்னு அன்னிக்கே தெரிஞ்சு போச்சு.

ஸுக்கினின்னு ஒண்ணு, பாத்தா சொரக்கா குட்டி மாதிரி. அதைச் சுருள் சுருளாச் சீவி, நூடுல்ஸ்னு பேர் வெச்சு, முள்கரண்டியால சுத்திச் சுத்தி… "எப்டியிருக்கு மேடம்"னு கேட்டா "ஆஹா"ன்னுவாங்க, கண்ணுல தண்ணி நிக்கும். நூறு ரூபா குடுத்துப் பொய் சொல்லச் சொன்னாக்கூட என்னால அப்டிச் சொல்ல முடியாது.

பிரசன்னா சாரா? ஹா! வீட்டுக்காரரைக் கேக்கறியா? அவரு பெரிய கேடிண்ணா. காலையில மேடம் எதுர்ல உக்காந்து பச்சைக் கீரைத் தண்ணியை ஒரே மூச்சுல குடிச்சிட்டு "சூப்பர் எனர்ஜி"ன்னு சொல்லிட்டு எறங்குவாரு. எறங்கி? நேரா எட்டாவது க்ராஸ்ல இருக்கற தர்ஷினி ஓட்டல். நான் கண்ணால பாத்தேன், மசால் தோசை, மேல வெண்ணை, பக்கத்துல காப்பி. என்னைப் பாத்ததும் தட்டை முதுகுக்குப் பின்னாடி ஒளிக்கறாரு, சட்னி பேண்ட்ல ஒழுகுது! "எல்லம்மா, மேடம்கிட்ட ஹேள்பேடா"ன்னு, சொல்லாதேன்னு கன்னடத்துல கெஞ்சறாரு, தமிழ்ல கெஞ்சினா மானம் போயிடும்னு நெனச்சாரோ இன்னாவோ. நான் ஏன் சொல்லப் போறேன். வீட்ல அவர் குடிக்கற கட்டங்காப்பிக்காகத்தான் இத்தினி நாள் இந்த அடுப்பே இருந்துச்சு. போன மாசம் அதையும் விட்டுட்டேன்னு மேடம்கிட்ட சத்தியம் பண்ணிட்டாரு. அதான் அடுப்புக்கு வேலையில்லாம போச்சு. மைக்ரோவேவை அதுக்கு முன்னாடியே எடுத்துக் குடுத்தாச்சு. சிலிண்டரும் நேத்து சாயங்காலம் நான் வேலை முடிச்சப்புறம் கம்பெனிக்குப் போச்சு. அதான், வெறும் அடுப்பு நின்னுட்டிருக்கு.

போன திங்கக்கிழமை என்னைக் கூப்ட்டு சோபாவுல உக்கார வெச்சாங்க. பதினோரு வருஷத்துல சோபாவுல உக்காரச் சொன்னது அன்னிக்குத்தான். "எல்லம்மா, காய் நறுக்க மெஷின் வருது, இனிமே நானே பாத்துக்குவேன். உனக்கும் ரெஸ்ட்டு வேணும் இல்ல?" எனக்கு ரெஸ்ட்டு வேணும்னு யாருண்ணா சொன்னது? அப்புறம் கட்டிப் புடிச்சாங்க. ஒரு டப்பா குடுத்தாங்க. உள்ள சியா விதை! அதைத் தண்ணியில ஊற வெச்சா தவளை முட்டை மாதிரி வரும். பதினோரு வருஷம் சமைச்சதுக்குத் தவளை முட்டை.

சிரிக்காதேண்ணா. எனக்கு அம்பத்திரெண்டு வயசு. முன்ன நாலு வீடு பாத்துட்டு இருந்தேன், முழு நாளும் இங்கயே இருன்னு இவங்கதான் மத்த மூணையும் விடச் சொன்னாங்க. இப்போ எந்த வீட்ல கேட்டாலும் "வயசு இன்னா"ன்னு கேக்கறாங்க. சின்னப் பொண்ணுங்க ஸ்கூட்டியில வந்து அரை மணி நேரத்துல சப்பாத்தி போட்டுட்டுப் போறாளுங்க. என்னை யார் வெச்சுக்குவா? பயமா இருக்குண்ணா. நெஜமாவே பயமா இருக்கு.

இன்னா கேட்டே? அந்தப் பச்சைச் சாப்பாடு அவங்களுக்கு ஒத்துக்கலைன்னு தானே விட்டுடுவாங்களா? அங்கதாண்ணா வந்து மாட்டுது. ஒத்துக்குச்சே! ஜோரா ஒத்துக்குச்சே!

மொதல்ல ஒத்துக்கலை. மொதல் வாரம் வயிறு ஊதிக்கிச்சு, கை காலு ஜில்லுனு ஆயிடுச்சு, தலையை வாரினா சீப்புல பாதி மயிரு. எடுத்ததுக்கெல்லாம் கோவம். "இதெல்லாம் நல்லது எல்லம்மா, உடம்புல இருக்கற கெட்டதெல்லாம் வெளிய போவுது"ன்னாங்க. உடம்பு சொல்றதைக் காது குடுத்துக் கேக்கணுமாம், அந்த கேம்ப்புல சொல்லிக் குடுத்தாங்களாம். உடம்பு நாள் பூரா கத்திட்டு இருக்கு, இவங்க காதுல ஹெட்போன். ஒம்பதாவது நாள் வாஷிங் மெஷின் கிட்ட துணி எடுக்கக் குனிஞ்சாங்க, அப்டியே சாஞ்சுட்டாங்கண்ணா. மூஞ்சி வெள்ளை வெளேர்னு. நான்தான் தூக்கினேன், எடையே இல்ல. டாக்டர்கிட்ட போலாம்னா கையைப் புடிச்சிக்கிட்டு "யார்கிட்டயும் சொல்லாதே, என்னால முடியும்"னு அழுவறாங்க. பெத்த பொண்ணு மாதிரி அழுதா மனசு கேக்குமா?

அன்னிக்கு மத்தியானம் தக்காளி சூப்பு வைக்கணும். பச்சைத் தக்காளிச் சாறுதான், பேர்தான் சூப்பு. நான் இன்னா பண்ணேன்…

கிட்ட வாண்ணா. வீட்ல யாரும் இல்ல, மேடம் வெளிய போயிருக்காங்க, சாரும் தர்ஷினியிலதான் இருப்பாரு, இருந்தாலும் கிட்ட வா.

ஒரு கரண்டி பருப்புத் தண்ணி ஊத்தினேன். வேக வெச்ச பருப்பு. நல்லாக் கொதிக்க வெச்சு, அப்புறம் ஆற வெச்சு, நாப்பத்தொண்ணு வந்ததும் எடுத்துட்டுப் போனேன். தெர்மாமீட்டரை விட்டுப் பாத்தாங்க, நாப்பத்தொண்ணு, பாஸு! குடிச்சிட்டு, "எல்லம்மா, இன்னிக்குத்தான் என் உடம்பு இதை ஏத்துக்கிச்சு"ன்னாங்க. மூஞ்சியில ரத்தக் களை வந்துச்சுண்ணா. நான் அடுப்படிக்கு வந்து முந்தானையால வாயைப் பொத்திட்டு அழுதேன்.

அப்புறம் விட முடியல. காலிஃப்ளவரைத் துருவி சோறுன்னு சொல்லுவாங்க இல்ல, அதுல பாதிக்குப் பாதி நெஜச் சோறு. பழ ஜூஸ்ல கேழ்வரகுக் கஞ்சி. முந்திரிச் சட்னியில ஒரு ஸ்பூன் நெய்யி. மேடம் போன் பேசறதெல்லாம் ரூமுக்குள்ள கதவைச் சாத்திட்டுத்தான், அந்த நேரம் பாத்து நான் அடுப்புக்கு மேல இருக்கற புகை உறிஞ்சற மெஷினை முழு வேகத்துல வெச்சிடுவேன், மேல கொத்தமல்லியை அள்ளிப் போட்டுடுவேன். வாசனை வராது. சனிக்கிழமை ஆனா… சொல்லட்டா… ஆட்டுக்கால் சூப்பு. ரெண்டு கரண்டி. எங்க வீட்ல இருந்தே டப்பாவுல கொண்டு வந்துடுவேன், இங்க கொதிக்க வெச்சுத் தக்காளிச் சாறுல கலந்துடுவேன்.

ஏண்ணா அப்டிப் பாக்கறே? தப்புதான். சத்தியமாத் தப்புதான், எனக்குத் தெரியாதா? ஆடு பாவம்னு அவங்க அழுததைப் பாத்தவ நான். அவங்க வாயில போறது இன்னான்னு அவங்களுக்குத் தெரியணும், அது அவங்க உரிமை. ஆனா அந்தப் பொம்பளை செத்துப்போறதை நின்னு பாக்க எனக்கு இன்னா, கல்லு மனசா?

மூணே மாசத்துல ரத்தம் ஏறிச்சு. டெஸ்ட்டுல பன்னெண்டாம்! மூஞ்சி பளபளன்னு ஆச்சு, முடி கொட்டறது நின்னுச்சு, மாடிப்படி ஓடி ஏறறாங்க. "பாத்தியா எல்லம்மா, என் உடம்புக்கு எது சேரும்னு கண்டு புடிச்சிட்டேன்"னாங்க. நான் "ஆமா மேடம்"னு பாத்திரம் தேய்ச்சிட்டு நிக்கறேன். வேற இன்னா சொல்ல?

அதோட நின்னுச்சா? ஞாயித்துக்கிழமை தோறும் கம்ப்யூட்டர்ல கிளாஸு. முப்பது பேரு. போன வாரம் ஒரு அம்மா, பாவம், குரலே வரல, "மேடம், எனக்கு மட்டும் ஏன் தலை சுத்துது, நீங்க மட்டும் எப்டி இப்டி இருக்கீங்க"ன்னு கேக்குது. மேடம் சொல்றாங்க, "நீங்க முழு நம்பிக்கையோட பண்ணல." நான் பின்னாடி தட்டு எடுக்கப் போனவ அப்டியே நின்னுட்டேண்ணா. அந்தம்மாவுக்கு வீட்ல ஒரு எல்லம்மா இல்ல, அதான் தலை சுத்துது! அதை நான் கத்திச் சொல்லணும். சொன்னேனா? சொல்லல. சொன்னா வேலை போயிடும்னு வாயை மூடிட்டு இருந்தேன். மூடிட்டு இருந்ததுலதான் வேலை போச்சு. ஒம்பதாவது நாளே சும்மா விட்டிருந்தா பத்தாவது நாள் தானா ரசம் சாதம் கேட்டிருப்பாங்க. நான்தான் ஊட்டி ஊட்டி, இந்த அடுப்பே வேணாம்ன்ற அளவுக்கு அவங்களைத் தெம்பாக்கி வெச்சேன்! என்னைச் செருப்பால அடிக்கணும்.

இன்னாண்ணா, தூக்கிட்டியா? தனியாவா? இரு, இந்தப் பக்கம் புடிக்கறேன்… வேணாமா? சொல்லிடச் சொல்றியா மேடம்கிட்ட? ஐயோ, மாட்டேன். இன்னிக்கு ஒரு நாள்தான், மானமாப் போயிடறேன். கதவு… ஆங், லிஃப்ட்டு அந்தப் பக்கம். அண்ணா, இன்னும் இருக்கு, கேட்டுட்டுப் போயேன்… அண்ணா! சரியான ஆளு, ஓடறதைப் பாரு.

யாரு போன்ல… மேடம்தான். ஹலோ மேடம். ஆங், வந்தாரு மேடம், இப்பத்தான் எறங்கறாரு, குடுத்தாச்சு. இன்னா? கார்ல வரீங்களா? கிளாஸ்ல இருந்து மூணு பேரு கூட இருக்காங்களா? ஸ்பீக்கர்லயா இருக்கு? எல்லாருக்கும் வணக்கம்ங்க! நல்லா இருக்கேன்ங்க… ஐயோ, மேடம் என்னைப் பத்தி அவ்ளோ சொன்னாங்களா, சும்மா சொல்லியிருப்பாங்க… ஆங், சொல்லுங்க மேடம். நாலு பேருக்கா? ஒரு மணிக்கா? தக்காளி சூப்பா?

இன்னா மேடம் நீங்க! அடுப்பைத் தூக்கிக் குடுத்துட்டு சூப்பு கேட்டா, நான் எதுல கொதிக்க வைப்பேன்?

…

மேடம்?