துபாய்க்குப் போனவனின் ஆட்டம்

திருவிடைமருதூர் பிரவுசிங் சென்டரில் ஜமாலின் அத்தாவும், ஜமாலோடு கபடி ஆடும் செல்வமும் இருந்தார்கள். ஜமால் இல்லை; போன வாரம்தான் அவனைத் துபாய்க்கு அனுப்பியிருந்தார் அத்தா. அவர்கள் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டருக்காக நான் பின்னால் காத்து நின்றேன்.

"விளையாட்டுக்குன்னே தமிழ்ல புதுசா வெப்சைட் ஆரம்பிச்சிருக்காங்க மாமா. முதல் கட்டுரையே நம்ம ஜமால் ஆட்டம்தான்."

"வெட்டியா திரியுறான்னுல்ல அனுப்பி வச்சேன்!"

"கட்டுரையப் படிச்சவங்க எழுதினதைக் கேளுங்க. ‘அந்தப் பையன் பாடிப் போகும் அழகைப் படித்ததிலிருந்து தூக்கமே வரவில்லை.’ கனடாவுலேருந்து."

"கனடாவுலேருந்தா? நம்ம புள்ளையவா?"

"பாரிஸ்காரர் ஒருத்தர், அடுத்து எங்க ஆடுறார்னு கேக்குறார்."

அத்தா நாற்காலியைத் திரைக்கு நெருக்கி இழுத்தார்.

"பொங்கலுக்கு ஊர்ல ஆடுவான்னு எழுது. நான் வரச் சொல்றேன்."

"விசா காசு போயிடும் மாமா."

"எழுதுடா."

செல்வம் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அனுப்பினான்.

"எந்திரிங்க, போவலாம்."

"இரு, அவர் பதில் சொல்ல வேணாமா?"

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. செல்வம் வாசித்தான்: "அப்படியானால் நானும் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன்."

"அல்லாவே, புள்ளை ஆட்டத்தப் பாக்க பாரிஸ்லேருந்தா!"

அத்தா சென்டருக்கு அறுபது ரூபாய் கொடுத்தார். வாசலில் செல்வம் மெதுவாகக் கேட்டான்: "விசா ஏஜெண்டுக்கு எவ்வளவு கட்டினீங்க மாமா?"

"எண்பதாயிரம்."